பொட்டலம் கட்டும் புரதமும் எங்கள் அண்ணியும்

எங்கள் அண்ணிக்கு வேலை செய்யும் இடத்தில் பொட்டலம் என்று ஒரு பெயர் இருப்பது வெகு நாள் எனக்குத் தெரியாது. ஒருநாள் என் அழகு நிலையத்துக்கு யாரோ ஒரு பெண் போன் செய்து, "பொட்டலம் இருக்காங்களா?" என்று கேட்டாள். ஷாம்பூ புட்டிகள் வரவேண்டியிருந்தது. "இன்னும் வரலைங்க. வந்ததும் பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தப் பெண் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, "அக்காவைப் பிரிச்சிடாதீங்க. வேற அக்கா இல்ல எங்களுக்கு" என்றாள்.

சாயங்காலம் அண்ணியிடம் கேட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே, வைரஸ் ஒன்று தன் டி.என்.ஏ.வைப் பொட்டலம் கட்டுகிறதே, அந்த வேலையைச் செய்யும் புரதம்தான் தன்னுடைய ஆராய்ச்சி என்றும், அதனால் கூட இருக்கும் சின்னப் பெண்கள் அப்படி வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பெயர் பிடித்துப்போயிற்று.

எங்கள் வீடு இரண்டு மாடி. கீழே தெருவைப் பார்த்து என் அழகு நிலையம். அதன் பின்னறையில் அண்ணன் பல்செட் செய்கிறார். அங்கே அலமாரி முழுக்க யார் யாருடைய தாடைகளோ வெள்ளைப் பிளாஸ்டரில் வாயைத் திறந்தபடி வரிசையாக இருக்கும். மாடியில் அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான். அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்கியும் அவருக்குப் பரிசோதனை போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள், ஏன் இந்த வழி என்று கேட்டுத் தீர்த்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அண்ணி நல்ல உயரம். நிலைப்படி ஒவ்வொன்றும் தன் தலையைக் குறிபார்த்துக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் குனிந்தே நடப்பார். பேச்சு மிகக் குறைவு. வேலையைப் பற்றி யாராவது கேட்டால் ஆரம்பித்துவிட்டு, கேட்பவர் முகத்தைப் பார்த்து, "விடுங்க, தூக்கம் வந்துடும்" என்று நிறுத்திக்கொள்வார். அப்பாவிடம் மட்டும் அது நடக்கவில்லை. இறங்கவேண்டிய இடம் வரும்வரை அவர் யாரையும் விட்டதில்லை.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எங்கள் எல்லோருக்கும் அந்தப் புரதத்தின் கதை தெரியவந்தது. அந்த வைரஸ் நம்மைத் தாக்குவது அல்ல, பாக்டீரியாவைத் தாக்குவது. அது தன் பிள்ளைகளைச் செய்யும்போது முதலில் வெறும் ஓடாகத் தலையைச் செய்துகொள்ளும். பிறகு அந்தத் தலைக்குள் டி.என்.ஏ. என்ற நீள நூலைத் திணிக்கும். அந்த நூல் விறைப்பானது, சுலபத்தில் மடங்காது. தன்னைத் தானே தள்ளிவிடும் குணம் வேறு. அதைப் போய் இம்மி இடம் விடாமல் அடைக்கவேண்டும். அடைத்து முடித்தபின் உள்ளே இருக்கும் அழுத்தம் சோடா பாட்டிலுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. தலையின் ஒரு மூலையில் வாசல் இருக்கிறது. அந்த வாசலில் நம் புரதம் ஐந்து ஒரே மாதிரியாக வளையம் கட்டி நின்றுகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதி. ஒரு பாதி மோட்டார், செல்லுக்குள் இருக்கும் எரிபொருளை எரித்து நூலைப் பிடித்து உள்ளே தள்ளும். இன்னொரு பாதி கத்தரி. நடுவில் ஒரு கீல். தலை நிரம்பியதும் மோட்டார் நிற்கும், கத்தரி நூலை வெட்டும். ஐந்தும் கழன்று, மிச்ச நூலோடு அடுத்த காலித் தலைக்குப் போய்விடும்.

"ஒரு தலை முடிஞ்சதும் அடுத்த தலை. அப்ப அதுவும் நானும் ஒரே தொழில்தான்" என்றேன். அண்ணி சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கும்.

அப்பா சிரிக்கவில்லை. "தலை நிரம்பிடுச்சுன்னு அதுக்கு யாரும்மா சொல்றது?" என்றார்.

"அது தெரிஞ்சா நான் ஏன் மாமா தினமும் ரெண்டு பஸ் மாறிப் போறேன்?"

அதோடு, தள்ளிக்கொண்டிருக்கும்போது கத்தரி தப்பித்தவறி வாயைத் திறந்துவிட்டால் நூல் துண்டு துண்டாகிவிடும், அத்தனை நேரமும் அதை யார் மூடி வைத்திருக்கிறார்கள் என்பதும் சரியாகத் தெரியாது என்றார். அப்பா அந்த வாரம் முழுக்க யோசித்தார். அடுத்த ஞாயிறு ஒரு கருத்தோடு வந்தார், உள்ளே மணி மாதிரி ஏதோ இருக்கவேண்டும் என்று. அதற்கடுத்த ஞாயிறு வேறொன்று. எல்லாமே தப்பு. அண்ணி ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டு, அது ஏன் முடியாது என்று பொறுமையாகச் சொல்வார். அப்பா தோற்றவர் போலவே இருக்கமாட்டார். "சரி, இந்தப் பெட்டியில இல்ல. அடுத்த பெட்டியில பார்ப்போம்" என்பார்.

அண்ணி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். மற்றவர்களின் ஆராய்ச்சிக்குத் தேவையான புரதங்களைச் செய்து கொடுப்பது வேலை. கைப்பக்குவம் நன்றாக இருந்ததால் அவர் குழுவின் தலைவர், நீங்களே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள் என்று வற்புறுத்தினார். அப்போது அண்ணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. சாயங்காலங்களில் அம்மாவும் மகளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்கள். மகள் தன் கணக்கை முடித்துவிட்டு, "இன்னும் முடிக்கலையா நீ?" என்று அம்மாவை அதட்டுவாள்.

ஆனால் அண்ணி எடுத்துக்கொண்ட புரதம் லேசுப்பட்டதல்ல. இந்தப் புரதங்களையெல்லாம் பாக்டீரியாவுக்குள் மொத்தமாகச் செய்யவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். மற்றவை ஒழுங்காகத் தண்ணீரில் கரைந்து நிற்கும். இது மட்டும் வெளியே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டி, குழாயின் அடியில் திரிந்த பால் மாதிரி படிந்துவிடும். வருஷக்கணக்கில் அண்ணி வீட்டுக்கு வரும் முகத்தைப் பார்த்தே அன்றைக்கும் திரிந்ததா என்று சொல்லிவிடலாம். குளிரில் வைத்து மெல்ல வளர்த்தார், உப்பைக் கூட்டினார், புரதத்தின் ஒரு ஓரத்துத் தொங்கலை நறுக்கிவிட்டார். எத்தனையோ வேளை சாப்பாடு ஆறியது. கடைசியில் ஒருநாள் கடைக்குள் எட்டிப்பார்த்து, "கரைஞ்சிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நான் ஒரு வாடிக்கையாளரின் தலையில் நுரையோடு நின்றுகொண்டு, கரைந்தது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் முழித்தேன். மேலே அப்பா கைதட்டும் சத்தம் கேட்டபிறகுதான் நல்லது என்று தெரிந்தது.

கரைந்தால் போதாதாம், அடுத்து அது படிகமாக வேண்டும். ஒரு புரதத்தின் உருவத்தைப் பார்க்க, அதை லட்சோபலட்சமாக ஒரே ஒழுங்கில் அடுக்கி நிற்கவைத்து எக்ஸ்ரே பாய்ச்சவேண்டும். அப்படி அடுக்கி நிற்பதுதான் படிகம். துளித்துளியாகத் தட்டுகளில் விட்டு, குளிர்ந்த அறையில் அசையாமல் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அண்ணியின் துளிகளில் வந்ததெல்லாம் தூசி மாதிரி ஊசிகள். எக்ஸ்ரேக்கு அது போதவில்லை.

குழுத் தலைவர் ஒரு பழைய உபாயம் சொன்னார். அந்த ஊசிகளை நசுக்கி, விறைப்பான ஒரு மயிர்முனையால் தொட்டு, புதுத் துளியில் ஒரு கோடு இழுக்கவேண்டும். மயிரின் செதிலில் ஒட்டியிருக்கும் துணுக்குகள் விதைபோல் விழுந்து, அவற்றைச் சுற்றிப் பெரிய படிகங்கள் வளரலாம். பூனை மீசை இதற்குப் பேர்போனது. ஆய்வகக் காவலாளியிடம் ஒரு பூனை இருந்தது. அது அண்ணியின் கையில் பிராண்டிவிட்டு ஒத்துழைக்க மறுத்தது.

கட்டுப்போட்ட கையோடு அண்ணி என் கடைக்கு வந்து, "உன்கிட்ட தினமும் எவ்வளவு முடி விழுது?" என்று கேட்டார்.

என் தொழில் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு கௌரவம் எனக்குக் கிடைத்ததில்லை. சுருட்டை, நேர்முடி, நரை, சாயம் போட்டது என்று தனித்தனிக் காகித உறைகளில் போட்டுக் கொடுத்தேன். அண்ணி ஒவ்வொன்றாகச் சோதித்தார். சாயம் போட்டது துளியைக் கெடுத்தது. மெல்லிய முடி ஈரத்தைத் தொட்டதும் துவண்டது. சுருட்டை முடி, இழுத்த பக்கம் வராமல் தன் இஷ்டத்துக்குப் போயிற்று. நான் வாடிக்கையாளர்களின் தலையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. நல்ல தடித்த முடியோடு யாராவது வந்தால் கூடுதலாக ஒரு கப் டீ கொடுத்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு மதியம் சாப்பிடும்போது அண்ணியின் பார்வை அப்பாவின் மீசையிலேயே நின்றது. அப்பாவின் மீசை முழுக்க வெளுத்தது, தேங்காய் நார் மாதிரி முரடு. அதை அவர் தினமும் சின்னச் சீப்பால் வாருவார். "என்னம்மா, ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று துடைத்துக்கொண்டார். அண்ணி ஒன்றுமில்லை என்று குனிந்துகொண்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ கேட்டுச் சொல்றியா? நான் எப்படி மாமாகிட்ட..." என்று இழுத்தார்.

அப்பா விஷயத்தைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் காலையில் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இடது பக்கம் எடு. போட்டோவுல வலது பக்கம்தான் விழும்" என்றார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் நாலைந்து முடி பிடுங்கினேன். ஒவ்வொன்றுக்கும் நாற்காலியின் கைப்பிடி முனகியது.

படிகங்கள் வந்தேவிட்டன. மீசை இழுத்த கோட்டில் வரிசையாக, உப்புக் கல்லில் கால்வாசி அளவில். குழுத் தலைவர், யாருடைய முடி என்று கேட்டதற்கு அண்ணி, "வீட்டுல இருந்ததுதான் சார்" என்று சொல்லிவிட்டாராம். அப்பா அப்படி அடக்கமாக இருக்கவில்லை. தபால்காரர், பால்காரர், எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கொஞ்ச காலம் அவர் மீசையை அரசாங்கச் சொத்துப்போலப் பராமரித்தார்.

படிகங்களை உறையவைத்து வெளியூரில் இருக்கும் ஒரு பெரிய எக்ஸ்ரே நிலையத்துக்கு எடுத்துப்போய் வந்தார்கள். அதிலிருந்து உருவத்தைக் கணித்து எடுக்கப் பல மாதம் ஆயிற்று. ஒருநாள் அண்ணி மகளின் கணினியில் எங்களுக்குக் காட்டினார். சுருள்களும் பட்டைகளுமாக, யாரோ அவசரத்தில் கழற்றிப்போட்ட ரிப்பன் குவியல் மாதிரி இருந்தது. இது மோட்டார், இது கத்தரி, இது கீல் என்று அண்ணி விரலால் காட்டக்காட்ட அது ஓர் ஆளாகத் தெரிய ஆரம்பித்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்தார். பத்து நாள் கழித்துப் பல்செட்டில் ஈறுக்குப் பயன்படுத்தும் ரோஸ் நிறப் பொருளில், உள்ளங்கை அகலத்துக்கு அதே உருவத்தைச் செய்து மனைவி தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டார். அவர்கள் குடித்தனத்தில் பேச்சு அவ்வளவுதான். ஆனால் அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

ஒரு குறை மட்டும் இருந்தது. படிகத்தில் இருந்தது தனியாள். நிஜத்தில் ஐந்து பேர் வளையமாக நின்றால்தான் மோட்டார் ஓடும். ஒவ்வொன்றும் பக்கத்து ஆளின் எரிபொருள் பைக்குள் ஒரு விரலை நீட்டி முடுக்கிவிடவேண்டும். தனியாகக் கிடந்தால் ஓடாது. அதனால் அண்ணியும் தலைவரும், தனியாளின் படத்தை மட்டும் வெளியிடாமல் வளையத்தையும் பிடித்துவிட்டுச் சேர்த்தே எழுதலாம் என்று முடிவு செய்தார்கள். வளையம் பிடிபடவில்லை. மாதங்கள் போயின.

அப்புறம் ஒரு பிற்பகல். கடையில் ஒரு பெண்மணி தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். அண்ணி ஒருநாளும் வராத வேளையில் உள்ளே வந்து, காலியாக இருந்த நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"முடியை வெட்டிடு" என்றார்.

"எவ்வளவு அண்ணி?"

"எவ்வளவு முடியுமோ."

சாயக்காரப் பெண்மணியை அலசி அனுப்பும்வரை அவர் அப்படியே இருந்தார். பிறகு சொன்னார். வேறொரு நாட்டில் இன்னொரு குழு, அதே வைரஸின் அதே புரதத்தை, ஐந்தும் வளையமாக, வாசலோடு, நடுவில் நூலோடு படம்பிடித்து வெளியிட்டுவிட்டது. படிகமே இல்லாமல், உறையவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்திருக்கிறார்கள். காலையில்தான் பார்த்தாராம்.

ஏதாவது தப்பு இருக்கும், சரியாகப் பாருங்கள் என்றேன். வேறென்ன சொல்ல?

"பார்த்தேன். அவங்க செஞ்சது சரியா இருக்கு. அதான் கஷ்டமா இருக்கு. தப்பா இருந்தா கோவப்பட்டிருக்கலாம்."

நான் அவரை அலசும் தொட்டிப் பக்கம் சாய்த்து வெதுவெதுப்பான தண்ணீரைத் திறந்துவிட்டேன். தலையில் தண்ணீர் ஓடும்போது அழுதால் யாருக்கும் தெரியாது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தேவைக்கு மேல் வெகுநேரம் அலசினேன். நுனியை மட்டும் கொஞ்சம் நறுக்கிவிட்டு, மீதியை நாளைக்குக் கேட்டால் வெட்டுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை.

வீட்டில் அவரவர் வழியில் துக்கம் கொண்டாடினோம். அப்பா மேலிடத்தில் புகார் கொடுக்கவேண்டும் என்றார். யார் அந்த மேலிடம் என்று கேட்டதற்கு, அதைத்தான் விசாரிக்கவேண்டும் என்றார். அண்ணன் பல்செட் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வாரம் சமைத்தார். அதை நாங்கள் சாப்பிட்டதும் அண்ணிக்காகத்தான். மகள் தன் படிப்பு மேசையில் அம்மாவுக்குப் பாதிக்கு மேல் இடம் ஒதுக்கினாள். நான் அந்தக் குழுவின் தலைவியுடைய போட்டோவைத் தேடிப் பார்த்தேன். நெற்றியில் முன்முடி ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கி வெட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததில் எனக்குச் சின்னதாக ஓர் ஆறுதல்.

அண்ணி வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார். ஒருநாள் தன் படத்தையும் அவர்கள் படத்தையும் அச்செடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டும் ஒரே மாதிரி இல்லை. எங்கே தவறினோம் என்று பார்க்கத்தான் ஆரம்பித்தாராம். அவர்கள் வளையத்தில் கீல் நிமிர்ந்து இருந்தது. கத்தரி, நூலின் பக்கம் வாயைக் காட்டி நின்றது. இவருடைய தனியாளில் கீல் மடங்கி, மோட்டார் பாதியின் ஒரு விளிம்பு கத்தரியின் வாய்மேல் மூடிபோல் உட்கார்ந்திருந்தது.

குழுத் தலைவர் சந்தேகப்பட்டார். படிகத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்பதால் இப்படி மடங்குவது உண்டு, அது உண்மையான நிலை என்று நம்பிவிடக்கூடாது என்றார். அண்ணிக்கும் அந்தப் பயம்தான். ஆனால் பயத்தோடு சும்மா இருக்கவில்லை. மூடியைப் பிடித்துவைத்திருக்கும் இடத்தில் ஒரே ஓர் இணைப்பு முக்கியமாகத் தெரிந்தது. அதை மட்டும் அறுத்து, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்படி மாற்றுப் புரதம் ஒன்று செய்தார். மூடி நிஜமென்றால், இணைப்பு போனதும் கத்தரி கட்டுப்பாடு இல்லாமல் வெட்டவேண்டும்.

அதையும் கரையவைக்கவேண்டியிருந்தது. திரும்பவும் குளிர், திரும்பவும் உப்பு. ஒருவழியாக இரண்டையும் நூலோடு சேர்த்துப் பார்த்தார். பழைய புரதம் தனியாக இருக்கும்போது நூலை ஒன்றும் செய்யவில்லை. மாற்றிய புரதம் நூலைக் கந்தலாக்கிவிட்டது. அண்ணி அதை நம்பாமல் மறுபடி மறுபடி செய்துபார்த்த பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தார்.

"மூடி நிஜம்தான் மாமா. வாசலுக்கு வந்து சேர்றவரைக்கும் கத்தரியை அதுவே மூடி வச்சுக்குது."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்து அண்ணி செய்த காரியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தலைவிக்கே எழுதப்போவதாகச் சொன்னார். வலிய வலியப் போய் அவர்கள் கையிலேயே கொடுப்பீர்களா, எதிராளியிடம் போய் யாராவது இப்படிச் செய்வார்களா என்று நான் குதித்தேன்.

அண்ணி என்னைச் சமாதானப்படுத்துவதுபோல்தான் பேசினார். "எதிராளி இல்லம்மா. இந்தப் புரதத்தைப் பத்தி என்னோட உட்கார்ந்து பேசக்கூடிய ஆளுங்க உலகத்துல மொத்தமே கொஞ்சப் பேர்தான் இருப்பாங்க. அதுல ஒருத்தர்கிட்ட நான் எப்படிப் பேசாம இருக்கறது?"

அன்றிரவே தன் படத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினார். பதில் மறுநாளே வந்தது. அவர்கள் படத்தில் கீல் இருக்கும் பகுதி தெளிவில்லாமல் கலங்கலாக இருந்திருக்கிறது. ஏன் என்று தெரியாமல் அவர்களும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் மடங்கிய கீலைப் பார்த்ததும் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். வளையத்தில் எல்லோரும் ஒன்றுபோல் நிமிர்ந்து நிற்கவில்லை, சிலர் பாதி மடங்கிய நிலையில் இருந்தார்கள். அதிலிருந்து இரண்டு குழுவும் சேர்ந்தே வேலை செய்ய ஆரம்பித்தன.

அந்தத் தலைவி ஒரு கருத்தரங்குக்காக எங்கள் ஊருக்கு வந்தபோது அண்ணி வீட்டுக்கு அழைத்துவந்தார். குட்டையான, படபடவென்று தமிழ் பேசுகிற பெண்மணி, இங்கிருந்து படிக்கப்போய் அங்கேயே தங்கிவிட்டவராம். படியேறும் முன்னே என் கடையைப் பார்த்துவிட்டு, இந்த முன்முடிக்கு ஏதாவது செய்யமுடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் எத்தனை மாதம் சபித்தேனோ அந்த ஆள் என் நாற்காலியில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருக்க, என் கையில் கத்தரிக்கோல். கண்ணாடியில் அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையில் கொஞ்சம் கவலை இருந்தது.

வெட்டும்போது அந்த அம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். "உங்க அண்ணிக்கு வந்த மாதிரி படிகம் எங்களுக்கு வரவே இல்லைங்க. அது வராததாலதான் நாங்க வேற வழிக்குப் போனோம். எங்கேயோ ஒருத்தர் எனக்கு முன்னாடி முடிச்சிடுவாங்கன்னு அத்தனை வருஷமும் பயந்துக்கிட்டே வேலை பார்த்தேன். அந்த ஒருத்தர் இவங்கதான்னு அப்பத் தெரியாது."

அண்ணி மெதுவாக, "நானும்தான்" என்றார்.

இரண்டு பேரும் கண்ணாடி வழியாகவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் என் தொழிலில் எனக்குத் தெரிந்த அத்தனை நுணுக்கத்தையும் அந்த முன்முடியில் இறக்கினேன். மேலே போனதும் படிகம் எப்படி வந்தது என்ற பேச்சு வந்து, அப்பா விருந்தாளிக்கு வலது பக்க மீசையிலிருந்தே ஒன்று எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் அதைக் காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கட்டுரை இரண்டு குழுவின் பெயரிலும் வந்தது. பெரிய பேர் ஒன்றும் இல்லாத சஞ்சிகைதான். தலை நிரம்பியது புரதத்துக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு அதில் பதில் கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறும்போது வாசலே கொஞ்சம் உருமாறி, அந்தச் செய்தியைக் கீலுக்குக் கடத்தலாம் என்று ஊகமாக மட்டும் எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு இதில் மனக்குறை. அந்த ஊகத்தின் மேல் அவருக்குச் சில ஆட்சேபணைகளும் இருக்கின்றன.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு அண்ணன் இன்னும் நான்கு செய்து, ஐந்தையும் வளையமாக மாட்டி, கீல் மடங்கும்படி கம்பி வைத்துக் கொடுத்தார். தேர்வாளர் ஒருவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு அதை மடக்குவதும் நிமிர்த்துவதுமாகவே இருந்தாராம். அண்ணி முனைவர் ஆனார். எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் மறுநாளே தன் இருமலைக் கொண்டுவந்து காட்டினார். அண்ணி அவரை உட்காரவைத்து, தான் அந்த டாக்டர் இல்லை என்று விளக்கி, வந்ததற்கு வெந்நீர் கொடுத்து அனுப்பினார். தன் இருமல் அதோடு குறைந்துவிட்டது என்று அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஆய்வகத்தில் படிக அறை முழுக்க அண்ணியின் பொறுப்பு. வாசலாக இருக்கும் புரதத்தைக் கையில் எடுத்திருக்கிறார். அதுவும் பாதி நாள் திரிகிறதாம். சாயங்காலம் படியேறும் காலடிச் சத்தத்திலேயே நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

போன மாதம் கடைக்கு விடுமுறை விட்ட ஒருநாள், வந்து பார்க்கிறாயா என்று என்னைக் கூட்டிப்போனார். இத்தனை வருஷத்தில் நான் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். குளிர் அறையில் அண்ணியின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டேன், எனக்கு முழங்கால்வரை வந்தது. அங்கே அண்ணி குனிந்து நடக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒரு பெண்ணிடம் ஏதோ சொன்னார், அவள் ஓடிப்போய் ஒரு தட்டை எடுத்துவந்தாள். அண்ணி அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்துத் திருகிவிட்டு, என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

முதலில் என் கண்ணிமையின் நிழல்தான் தெரிந்தது. அண்ணி எதையோ திருப்பினார். இருட்டான ஒரு வட்டத்துக்குள் ஓரம் கூரான சின்னச் சின்னக் கற்கள், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், திருப்பத் திருப்ப நிறம் மாறின.

"இதுதானா வாசல்?"

"அதுல ஒவ்வொண்ணுக்குள்ளயும் லட்சக்கணக்குல நிக்குது. மூச்சு விடாதே, லென்ஸ்ல ஆவி படியும்."

மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். பின்னால் யாரோ நுண்ணோக்கிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி அவர்களிடம், "இன்னும் கொஞ்ச நேரம். என் நாத்தனார் பார்க்கறா" என்றார்.